வால்வெள்ளிகளின் பிறப்பும் அமைப்பும்

ஆண்டுகளை எண்ணிப் பார்த்து மகிழ்தல் விழாவின் இயல்பு. எங்கெங்கோ பிரிந்துபோன பழைய மாணவர்கள் கல்லூரி அன்னையின் முற்றத்தில் மீண்டும் வந்து கூடுவதும் அவ்விழாவினாலேயே. வானத்திலும் இவ்வாறு நெடுந்தூரம் சென்று, குறித்த காலத்தில் மீண்டு வரும் பொருள்கள் சில உள. அவையே வால்வெள்ளிகள். ஆதலின், வால்வெள்ளி என்பது யாது, அஃது எப்பொருளால் ஆயது, எங்கே பிறந்தது என்னும் மூன்று வினாக்களையும் இம்மலரில் எடுத்து ஆராய்தல் பொருத்தமாகுமென நமக்குத் தோன்றிற்று.

அறிவு பெறுதற்குரிய வாயில்கள் காட்சி, கருதல், உரை என மூன்றென்பது நம் அளவை நூலார் கொள்கை. அவற்றுட் கருதலளவைக்கு அவர்கள் எடுத்துக்காட்டாகக் கூறுவது, மலையிலே புகையைக் கண்டு ஆங்கே நெருப்பு உண்டெனத் துணிதலாகும். வால்வெள்ளிக்கு வடமொழியில் வழங்கும் பெயரோ தூமகேது. புகையைக் கொடியாக உடையது என்பது அதன் பொருள். புகைக்கொடியைக் கண்ட மக்கள் அதனடியில் நெருப்பு இருத்தல் வேண்டுமெனத் துணிந்ததில் வியப்பில்லை. ஆனால் அத்துணிபு பிழையாயிற்று. வால்வெள்ளியிற் புகைபோல்வது ஒன்று உண்டு, நெருப்பு இல்லை. அதனடியில் இருப்பது பனிக்கட்டி. இவ்வுண்மையை மனிதர் எவ்வாறு அடைந்தனர் என்பதை இனி முறையே நோக்குவாம்.

பண்டையோர் கொள்கை

கிரேக்க ஞானியாகிய அரிசுட்டோட்டில் வால்வெள்ளிகளை வானத்துப் பொருள்களெனக் கொண்டிலர். நிலத்திலிருந்து எழும் உலர்ந்த ஆவிகள் வளிமண்டலத்தின் மேற்படையிற் சென்று தீப்பற்றுதலால் அவை தோன்றுகின்றன என்றார். அவர் உரைமேல் இருந்த மதிப்பினால் அக்கொள்கை ஐரோப்பாவில் ஏறக்குறைய 1900 ஆண்டுகள் நிலைபெற்றது.

பாரத நாட்டிலே கி. பி. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகற்சங்கிதையில் கேதுக்களுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவை தோன்றுதலால் நாட்டுக்கும் அரசுக்கும் விளையும் நன்மை தீமைகளை அவர் விரித்துரைத்தார். அப்பகுதியை இன்று நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும், கேதுக்களின் உதயத்தையும் அத்தமனத்தையும் கணிதத்தால் அறிதல் இயலாது என்றும் அவர் அங்கே கூறியுள்ளார். கோள்களின் இயக்கத்தைக் கணிக்க வல்ல ஓர் அறிஞர், தம் கணிதம் எட்டாத இடம் இதுவென ஒளியாது கூறிய நேர்மை போற்றத்தக்கது. அக்குறை நீங்குவதற்கு மேலும் ஓராயிரம் ஆண்டு கழிய வேண்டியிருந்தது.

1577ஆம் ஆண்டிற் பெரிய வால்வெள்ளி ஒன்று தோன்றிற்று. தென்மார்க்கு நாட்டவராகிய தைக்கோ பிராகே, ஹுவென் என்னுந் தீவிலிருந்து அதன் இடத்தை நாடோறும் அளந்தார். முகத்துக்கு எதிரே ஒரு விரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணாலும், பின்னர் மாற்றியும் பார்த்தால் அவ்விரல் இடம் பெயர்வதுபோலத் தோன்றும். விரல் சேய்மையாகுந்தோறும் அப்பெயர்ச்சி குறையும். இதனையே தைக்கோ வானத்திற் கையாண்டார். தம் அளவுகளைப் பிராகு நகரிலிருந்து எடுக்கப்பட்ட அளவுகளோடு ஒப்பிட்டார். ஈரிடங்களிலிருந்தும் நோக்கியபோது சந்திரன் இடம் பெயர்ந்து தோன்றுமளவுக்கு வால்வெள்ளி பெயர்ந்து தோன்றிலது. ஆகவே அது சந்திரனுக்கும் அப்பாற்பட்டதென்பது பெறப்பட்டது. வளிமண்டலத்துத் தீ என்னுங் கொள்கை அன்றே அடியற்றது. உரையினிடத்தைக் காட்சி கைக்கொண்டது.

கணக்கிற்கு அடங்கிய வரலாறு

1687இல் நியூற்றன் ஈர்ப்பு விதியை வெளியிட்டார். அவர் நண்பராகிய எட்மண்ட் ஹலி, அவ்விதியைக்கொண்டு பழைய வால்வெள்ளிகளின் ஒழுக்குகளைக் கணித்தார். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய மூன்றின் ஒழுக்குகளும் பெரிதும் ஒத்திருந்தன. மூன்று வருகையும் ஒரே வால்வெள்ளியின் வருகையே எனவும், அது 1758ஆம் ஆண்டளவில் மீண்டும் வருமெனவும் 1705இல் அவர் எழுதினார். 1742இல் ஹலி காலமானார். தாம் கூறியது பலிப்பதைக் காண அவர் உயிரோடு இருந்திலர்.

குறித்த ஆண்டு நெருங்கியபோது கிளேரோ என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், லலாண்டு என்பவரும் லெபோத் அம்மையாரும் துணைநிற்க, அக்கணக்கை மேலும் நுணுக்கமாகச் செய்தார். வழியில் வியாழனின் ஈர்ப்பு 518 நாளும் சனியின் ஈர்ப்பு 100 நாளும் அதனைத் தாழ்விக்குமென அவர்கள் கண்டனர். 1759 ஏப்ரில் நடுவில் அது சூரியனை அணுகுமெனவும், கணக்கில் ஒரு மாதம் பிழைபடலாமெனவும் கிளேரோ அறிவித்தார். 1758 திசெம்பர் 25ஆந் தேதி இரவு, திரெசுடன் நகரை அடுத்த ஓர் ஊரிலே, வானியலில் ஆர்வமுடைய பாலிட்சு என்னுங் குடியானவர் அதனை முதன்முதற் கண்டார். 1759 மார்ச் 13இல் அது சூரியனுக்கு மிக அண்மையாக வந்தது. வராகமிகிரர் கணிதத்துக்கு எட்டாதெனக் கூறியது கணிதத்துள் அகப்பட்டது.

ஹலியின் வால்வெள்ளி செல்லும் வழி நீண்டதொரு நீள்வட்டம். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள 15 கோடி கிலோமீற்றரை ஒரு வானியல் அலகென வைத்துக்கொண்டால், அது சூரியனை 0.59 அலகு வரை நெருங்கி, பின்னர் நெத்தியூனையுங் கடந்து 35 அலகு வரை செல்கின்றது. அண்மையில் அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 54 கிலோமீற்றர். சேய்மையில் ஒரு கிலோமீற்றருக்குஞ் சற்றுக் குறைவு. எனவே தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அது சூரிய வெப்பம் அரிதாய் எட்டும் இருட்குளிரிலேயே கழிக்கின்றது. இதனை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. வால்வெள்ளியின் சிறப்பெல்லாம் அக்குளிரினால் விளைந்ததேயாம்.

தலையும் வாலும்

வால்வெள்ளிக்கு உறுப்பு மூன்று. நடுவில் உள்ளது கரு. அது சில கிலோமீற்றர் முதற் சில பத்துக் கிலோமீற்றர் வரை குறுக்களவுள்ள திண்பொருள். கருவைச் சூழ்ந்து ஒளிரும் வாயுவுந் தூசியும் தலை எனப்படும். அது இலட்சக்கணக்கான கிலோமீற்றர் பரந்திருக்கும். தலையிலிருந்து பிரிந்து கோடிக்கணக்கான கிலோமீற்றர் நீள்வது வால். சூரியனுக்குத் தொலைவில் இருக்கும்போது தலையுமில்லை, வாலுமில்லை; கருவொன்றே உண்டு.

வாலானது வால்வெள்ளி செல்லும் வழிக்குப் பின்னே இழுபடுவதென்று பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. வால் எப்பொழுதும் சூரியனுக்கு எதிர்த் திசையை நோக்கியே நிற்கும். இதனைச் சீனர் முன்னரே அறிந்திருந்தனர். ஐரோப்பாவில் 1531ஆம் ஆண்டு வால்வெள்ளியை நோக்கிப் பீற்றர் அப்பியன் எடுத்துக்காட்டினார். சூரியனைச் சுற்றிவிட்டு மீளும்போது, அரசன் திருமுன்னிருந்து புறங்காட்டாது பின்வாங்கிச் செல்லும் ஏவலனைப் போல, வால்வெள்ளி வாலை முன்னாக நீட்டிக்கொண்டே செல்கின்றது.

உற்று நோக்கின் வால் இரண்டாகும். ஒன்று மஞ்சள் நிறமாய்ச் சற்றே வளைந்திருப்பது. அது தூசி வால். சூரிய ஒளியின் அமுக்கத்தால் தள்ளப்படும் நுண்டூசிகள் அவ்வொளியைத் தெறிப்பதனால் அது விளங்குகின்றது. மற்றையது நீல நிறமாய் நேரே நீண்டிருப்பது. அது மின்னேற்றம் பெற்ற அணுக்களும் மூலக்கூறுகளும், அஃதாவது அயன்கள், சேர்ந்த வால். இவ்வால் நேராய் நிற்பதற்கு ஒளியின் அமுக்கம் மாத்திரம் போதாது. சூரியனிலிருந்து நுண்துணிக்கைகள் ஓயாது வீசிக்கொண்டிருத்தல் வேண்டுமென 1951இல் யேர்மன் அறிஞர் பியர்மான் துணிந்தார். அத்துணிக்கை வீச்சே இன்று சூரியக் காற்று எனப்படுவது. 1962இல் வெள்ளிக்கோளை நோக்கிச் சென்ற மாரினர் 2 என்னும் விண்கலம் அதனை நேரே அளந்து காட்டிற்று. கொடி அசைவதைக் கண்டு காற்றை அறிதல் போன்றது இக்கருதல்.

வால் பார்வைக்குப் பெரிதாயினும் பொருளில் மிக நொய்யது. நம் ஆய்கூடங்களில் வளியகற்றிய குடுவையினுள் எஞ்சும் வாயுவும் வாலிலுள்ள வாயுவினும் அடர்த்தி மிக்கதாகும். இதனை உணராமையால் 1910ஆம் ஆண்டிற் பெருங்கலக்கம் விளைந்தது. ஹலியின் வால்வெள்ளியிற் சயனசன் என்னும் நச்சுவாயு உண்டென வானியலார் கண்டனர். அவ்வாண்டு மே மாதத்திற் பூமி அதன் வாலினூடு செல்லுமென்பதும் கணக்கிடப்பட்டது. இவ்விரண்டையும் நாளிதழ்கள் சேர்த்து வெளியிடவே, மேனாடுகளில் மக்கள் கதவுத் துளைகளை அடைத்துக்கொண்டு இருந்தனர். வால்வெள்ளி மாத்திரை என்று ஒன்றை விற்றுப் பொருளீட்டினாரும் உளர். வால் வந்து போயிற்று; அதனால் ஒருவருக்கும் ஒரு தீங்கும் நேர்ந்திலது. நஞ்சு உண்டென்பது மெய். அதன் அளவு எவ்வளவு என்று வினவாமையே பிழை. அறியாமையினால் வரும் அச்சத்தினும் அரைகுறை அறிவினால் வரும் அச்சம் பெரிதென்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வால்வெள்ளி எப்பொருளால் ஆயது?

சூரிய ஒளி அரியத்தினூடு சென்று ஏழு நிறமாய்ப் பிரிதலை மாணவர் அறிவர். ஒவ்வொரு பொருளும் ஒளிரும்போது அந்நிறமாலையில் தனக்கே உரிய கோடுகளை இடும். கையொப்பத்தைக் கண்டு எழுதியவரை அறிவதுபோல, அக்கோடுகளைக் கண்டு பொருளை அறியலாம். 1864இல் இத்தாலியராகிய டொனாற்றி வால்வெள்ளியொன்றின் நிறமாலையை முதன்முதல் நோக்கினார். 1868இல் ஆங்கிலேயராகிய ஹகின்சு, அக்கோடுகள் காபன் சேர்ந்த வாயுக்களின் கோடுகளை ஒத்திருப்பதைக் கண்டார். 1965 ஒற்றோபரிற் சூரியனை உராய்வதுபோலக் கடந்து, பகலிலும் கண்ணுக்குத் தோன்றிய இக்கேயா–செக்கி வால்வெள்ளியின் நிறமாலையில் இரும்பு, நிக்கல் முதலிய உலோகங்களின் கோடுகளும் காணப்பட்டன. அதன் தூசியும் அவ்வெப்பத்தில் ஆவியாயிற்று என்பது தெளிவு.

ஆயின் கரு எத்தகையது? அது மணலுங் கல்லுஞ் சேர்ந்து மிதக்கும் ஒரு திரளே என்றனர் பலர். 1950இல் அமெரிக்க அறிஞர் பிரெட் விப்பிள் வேறொரு கொள்கையை வெளியிட்டார். கருவானது நீர் முதலியன உறைந்த பனியோடு தூசி கலந்த ஒரே கட்டி என்றார் அவர். அழுக்குப் பனியுருண்டை என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று.

பூசையறையில் திறந்துவைத்த கர்ப்பூரம் உருகி நீராகாமலே நாளடைவில் மறைந்துபோவதை நாம் அறிவோம். திண்மம் நேரே ஆவியாதல் அது. வெற்று வெளியிற் பனிக்கட்டிக்கும் நேர்வது இதுவே. சூரியனை அணுகும்போது பனி ஆவியாகிச் சீறியெழும். எழும்போது தன்னுடன் கலந்திருந்த தூசியையும் அள்ளிச் செல்லும். புகையெனத் தோன்றியது இதுவேயாம். எழாது எஞ்சிய தூசி மேலே கரிய ஓடுபோலப் படியும். மரத்தூளிட்டுச் சாக்கிற் பொதிந்த பனிக்கட்டி வெயிலிலும் நெடுநேரம் கரையாதிருத்தலைப் போல, அவ்வோடு உள்ளே இருக்கும் பனியைக் காக்கின்றது.

விப்பிள் இக்கொள்கைக்கு வந்தது ஒரு பழைய புதிரை விடுவித்தற்பொருட்டு. எங்கே என்பவரின் பெயரால் வழங்கும் வால்வெள்ளி 3.3 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுவது. அது ஒவ்வொரு முறையும் கணித்த நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மணி முன்னதாகவே வந்தது. ஹலியின் வால்வெள்ளியோ ஒவ்வொரு முறையும் நான்கு நாள் வரையிற் பிந்திவந்தது. கோள்களின் ஈர்ப்பையெல்லாங் கணக்கிட்ட பின்னரும் இவ்வேறுபாடு எஞ்சி நின்றது. விப்பிள் கூறிய விடை இது: கரு தன்னைத்தானே சுற்றுகின்றது. நம் நிலத்திலும் உச்சிப் பொழுதினும் பிற்பகலிலேயே வெப்பம் மிகுகின்றது; அவ்வாறே கருவின் பிற்பகற் பக்கத்திலிருந்தே ஆவி மிகுதியாய்ச் சீறும். வாணத்தின் வாயிலிருந்து தீச்சீறல் ஒரு திசையிற் பாய வாணம் மறுதிசையில் எழுவதுபோல, அச்சீறல் கருவைத் தள்ளும். கரு சூரியனைச் சுற்றும் போக்கிலேயே தானுஞ் சுழலுமாயின் வேகம் மிகும், ஒழுக்கு விரியும், வருகை பிந்தும். எதிர்ப்போக்கிற் சுழலுமாயின் வருகை முந்தும். மணற்றிரளொன்று இவ்வாறு தள்ளப்படுதல் இயலாது, பனிக்கட்டிக்கே இயலும்.

நேரிற் கண்டவை

கருதலாற் பெற்றதைக் காட்சியால் உறுதிசெய்யும் வாய்ப்பு 1986இற் கிட்டிற்று. அவ்வாண்டு ஹலியின் வால்வெள்ளி மீண்டபோது ஐந்து விண்கலங்கள் அதனை எதிர்கொண்டன. அவற்றுள் ஐரோப்பியரின் ஜியோற்றோ, மார்ச் 14ஆந் தேதி கருவிலிருந்து 596 கிலோமீற்றர் தொலைவிற் கடந்துசென்றது. 15 கிலோமீற்றர் நீளமும் 8 கிலோமீற்றர் அகலமும் உள்ள ஒரே திண்கட்டியாகக் கரு தோன்றியது. அதன் நிறமோ கரி போன்றது. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கையே அது தெறித்தது. சீறியெழுந்த வாயுவில் நூற்றுக்கு எண்பது பங்கு நீராவி. எஞ்சியவற்றுட் காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு முதலியன காணப்பட்டன. காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் என்னும் நான்குமே மிக்குள்ள தூசிகளும் எதிர்ப்பட்டன. உயிர்களின் உடம்பும் பெரும்பாலும் இந்நான்கினால் ஆயதேயன்றோ?

அடுத்து ஸ்ரார்டஸ்ற் என்னும் அமெரிக்க விண்கலம் 2004இல் வில்ற் 2 என்னும் வால்வெள்ளியின் தூசியை ஏந்தி, 2006 சனவரியிற் பூமிக்குக் கொணர்ந்தது. குளிரிற் பிறந்த பொருளில், மிகுந்த வெப்பத்திலன்றித் தோன்றாத ஒலிவீன் முதலிய கனியங்கள் இருந்தமை அறிஞரைத் திகைப்பித்தது. சூரியனுக்கு அருகே வெந்த பொருள் எவ்வாறோ வெளியே அடித்துச் செல்லப்பட்டுப் பனியுடன் கலந்திருத்தல் வேண்டும்.

யாவற்றினும் பெரிய முயற்சி ஐரோப்பியரின் றொசெற்றா. 2004 மார்ச்சிற் புறப்பட்ட அக்கலம் பத்தாண்டு பயணஞ் செய்து, 2014 ஓகத்து 6இற் சுர்யூமொவ்–கெராசிமெங்கோ வால்வெள்ளியை அடைந்தது. 2016 செத்தெம்பர் 30 வரை அதனுடனேயே சூரியனைச் சுற்றியது. 2014 நவெம்பர் 12இல் பிலே என்னுஞ் சிறு கலம் அதிலிருந்து பிரிந்து கருவின்மேல் இறங்கிற்று. பற்றிக்கொள்ளும் ஈட்டிகள் பாயாமையால் அது துள்ளித் துள்ளி ஒரு பாறையின் நிழலிற் போய் ஒதுங்கியது. ஆயினும் ஏறக்குறைய இரண்டரை நாள் வரை தான் கண்டவற்றை அனுப்பிற்று.

அவ்வால்வெள்ளியின் கரு, இரண்டு கட்டிகள் மெல்ல மோதி ஒட்டிக்கொண்டது போன்ற வடிவினது. அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியிற் பாதியளவே. கடலில் இட்டால் மிதக்கும். உட்புறத்திற் பெரும்பகுதி வெற்றிடம். ஐதரசன் சல்பைட்டு, அமோனியா, ஐதரசன் சயனைட்டு, மதுசார வகைகள் எனப் பல பொருள்கள் அங்கே காணப்பட்டன. அழுகிய முட்டையின் நாற்றமும் குதிரை லாயத்தின் நாற்றமும் அங்கு ஒருங்கே வீசுமெனலாம். அவற்றோடு புரதங்களின் மூலக்கூறுகளுள் எளியதாகிய கிளைசீனும், உயிருக்கு இன்றியமையாத பொசுபரசும் அங்கிருந்தமை 2016இல் அறிவிக்கப்பட்டது. தனி ஒட்சிசனும் இருந்தமை ஒருவரும் எதிர்பாராதது. பனியினுந் தூசியே மிகுதியெனக் கருதுவோர் இன்று பலராதலின், அழுக்குப் பனியுருண்டை என்பதினும் பனிபடிந்த அழுக்குருண்டை என்பதே ஏற்புடைத்தாகலாம்.

பிறப்பிடம்

இனி, இவை பிறந்த இடத்தை ஆராய்வாம். ஒவ்வொரு முறை சூரியனை அணுகும்போதும் வால்வெள்ளி தன் பொருளிற் சிறிது இழக்கின்றது. அவ்வாறாயின், 460 கோடி ஆண்டு வயதுடைய இச்சூரிய குடும்பத்தில் வால்வெள்ளிகள் யாவும் என்றோ தேய்ந்து ஒழிந்திருத்தல் வேண்டும். ஒழிந்தில. இராமுழுதும் அணையாத விளக்கைக் கண்டால், எண்ணெய் வார்ப்பார் ஒருவர் உளரெனத் துணிகின்றோம். அவ்வாறே புதிய வால்வெள்ளிகளை வழங்கும் களஞ்சியம் ஒன்று எங்கேனும் இருத்தல் வேண்டும்.

1950ஆம் ஆண்டில், விப்பிள் தம் கொள்கையை வெளியிட்ட அதே ஆண்டில், ஒல்லாந்தராகிய யான் ஊர்ற் அக்களஞ்சியத்தின் இருப்பிடத்தைச் சுட்டினார். நன்கு கணிக்கப்பட்ட பத்தொன்பது வால்வெள்ளிகளின் ஒழுக்குகளை அவர் ஆராய்ந்தார். அவற்றுட் பெரும்பாலன பல பதினாயிரம் வானியல் அலகு தொலைவிலிருந்து வந்தன. எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தன. எனவே சூரிய குடும்பத்தைப் பெருங்கோளம்போலச் சூழ்ந்து, ஏறக்குறைய இருபதினாயிரங் கோடி வால்வெள்ளிகள் உறைந்துகிடக்கின்றன என அவர் முடிவுசெய்தார். அது இன்று ஊர்ற் முகில் எனப்படும்.

அத்தூரத்தை மனத்திற் கொள்ள ஓர் உபாயங் கூறுவாம். கல்லூரி மைதானத்தின் நடுவே கடுகினுஞ் சற்றே பெரிய ஒரு மணியைச் சூரியனாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரடி தள்ளிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் பூமி. நெத்தியூன் முப்பதடியில் நிற்கும். ஹலியின் வால்வெள்ளி முப்பத்தைந்தடி சென்று மீளும். ஊர்ற் முகிலின் வெளியெல்லையோ பத்தொன்பது மைலுக்கு அப்பால்! அடுத்த விண்மீன் ஐம்பது மைலுக்குச் சற்று அப்பால். அவ்வழியே கடந்துசெல்லும் விண்மீன்களும் பால்வீதியின் ஈர்ப்பும் எப்போதாவது ஒரு கட்டியை அசைக்க, அது சூரியனை நோக்கி விழத் தொடங்கும். அம்முகிலை இன்றுவரை ஒருவரும் நேரிற் கண்டிலர். அது முற்றிலும் கருதலாற் பெற்ற பொருள்.

குறுகிய காலத்தில் மீளும் வால்வெள்ளிகளுக்கு வேறு களஞ்சியம் உண்டு. நெத்தியூனுக்கு அப்பால் தட்டுப்போற் பரந்து சிறு பொருள்கள் பல தோன்றியிருக்கலாமென அயர்லாந்தராகிய எட்ஜ்வேர்த் 1943இலும், கைப்பர் 1951இலும் எழுதினர். 1992இல் ஜூவிற், லூ என்னும் இருவர் ஹவாய்த் தீவின் மலையுச்சியிலிருந்து அத்தகைய பொருளொன்றை முதன்முதற் கண்டனர். இன்று ஆயிரக்கணக்கானவை அறியப்பட்டுள்ளன. அவ்வெளியிலிருந்து உள்ளே தவறிவருபவற்றை வியாழன் தன் ஈர்ப்பினாற் பற்றிக் குறுகிய ஒழுக்கில் இட்டுவிடுகின்றது. றொசெற்றா கண்ட வால்வெள்ளியும் 1959இல் வியாழனை அணுகியதன் பின்னரே சூரியனுக்கு இத்துணை அண்மையில் வரத் தொடங்கிற்று. பத்தாண்டு கழித்து, 1969இற் கண்டுபிடிக்கப்பட்டது.

ஆயினும் களஞ்சியம் வேறு, விளைநிலம் வேறு. சூரியன் உருவாகியபோது அதனைச் சுற்றி வாயுவுந் தூசியுஞ் சேர்ந்த தட்டொன்று சுழன்றது. சூரியனுக்கு அருகே வெப்பத்தினாற் பனி நில்லாது. அங்கே கல்லும் உலோகமுமான கோள்கள் ஆயின. ஏறக்குறைய மூன்று வானியல் அலகுக்கு அப்பால் நீரும் உறைந்து தூசியோடு ஒட்டியது. அவ்வொட்டிய கட்டிகள் திரண்டு வியாழன் முதலிய பெருங்கோள்கள் எழுந்தன. கட்டடம் முடிந்தபின் முற்றத்தில் எஞ்சிக்கிடக்குங் கல்லையும் மணலையும் போல, கோளாகாது எஞ்சிய கட்டிகளே வால்வெள்ளிகள். பெருங்கோள்களின் இடையே எஞ்சியவற்றை அக்கோள்களின் ஈர்ப்பு வெளியே வீசியெறிந்தது. சில சூரியனை விட்டே நீங்கின. சில ஊர்ற் முகிலிற் போய்த் தங்கின. நெத்தியூனுக்கு அப்பாற் பிறந்தவை பெரும்பாலும் அவ்வயலிலேயே எஞ்சின. ஆதலால் மிகத் தொலைவிலிருந்து வருபவை, சூரியனுக்கு ஓரளவு அண்மையிற் பிறந்து துரத்தப்பட்டவையே என்பது விந்தையான உண்மை.

கடல் நீர் எங்கிருந்து வந்தது?

வால்வெள்ளி நீரால் நிறைந்ததெனின், வெப்பமுற்றிருந்த இளம்பூமிக்குக் கடலைக் கொணர்ந்தவை வால்வெள்ளிகளே ஆகலாமன்றோ எனப் பலர் எண்ணினர். இதனைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஐதரசனில் இலேசானதும் பாரமானதும் என இருவகை அணு உள. நம் கடல் நீரில் ஏறக்குறைய 6400 இலேசான அணுவுக்கு ஒரு பார அணு உண்டு. நீரின் குலமுறையை அறிதற்கு இவ்வீதம் ஓர் அடையாளம்.

ஹலியின் வால்வெள்ளியில் இவ்வீதம் கடலினதுபோல் இருமடங்காயிருந்தது. எனவே கடல் வால்வெள்ளியால் வந்ததன்று என்றனர். 2011இல் ஹாற்லி 2 என்னும் வால்வெள்ளியில் அது கடலின் வீதத்தோடு ஒத்திருந்தது. வந்தாலும் வந்திருக்கலாம் என்றனர். 2014இல் றொசெற்றா மும்மடங்குக்கு மேற்பட்ட வீதத்தைக் கண்டது. மீண்டும் அன்று என்றனர். 2024இல் அவ்வளவுகளையே மீள ஆராய்ந்தோர், தூசியோடு சென்ற நீர் அளவைப் பிறழ்வித்திருக்கலாமெனவும், மெய்யான வீதம் கடலின் வீதத்துக்கு அண்மையதெனவும் எழுதினர். இன்றைய நிலையில், கடல் நீரின் பெரும்பகுதியைக் காபன் மிக்க சிறுகோள்கள் போன்ற பொருள்களே தந்திருக்கலாமெனவும், வால்வெள்ளிகளின் பங்கு அதிற் சிறிதெனவுங் கொள்வார் பலர். எனினும், நம் வளிமண்டலத்திலுள்ள செனன் என்னும் அரிய வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வால்வெள்ளிகளின் கொடையென்பதை றொசெற்றாவின் அளவுகள் காட்டின.

இவ்வாறு முன்னும் பின்னும் மாறுவது அறிவியலின் தளர்ச்சியென இளைஞர் எண்ணலாகாது. புகை கண்ட இடத்து நெருப்பெனத் துணிந்து, அத்துணிபை ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டு மாற்றாதிருந்ததே தளர்ச்சி. புதிய காட்சி கிட்டுந்தோறும் பழைய கருதலைத் திருத்திக்கொள்ளுதல் வலிமையேயாம்.

முடிவுரை

2019இற் பொரிசோவ் என்பவர் கண்ட வால்வெள்ளி நம் சூரியனுக்கு உரியதன்று. வேறொரு விண்மீனின் குடும்பத்திலிருந்து வந்தது. 2025இலும் அத்தகைய வால்வெள்ளி ஒன்று காணப்பட்டது. அவற்றிலும் நீரும் காபன் சேர்ந்த வாயுக்களுமே வெவ்வேறு அளவிற் கலந்திருந்தன. வேற்றுச் சூரியர்களின் முற்றங்களிலும் இதுபோன்ற கல்லும் மணலுமே எஞ்சுகின்றன போலும்.

கோள்களிலே உள்ள பொருள் வெந்தும் உருகியும் அமுங்கியும் தன் பழைய நிலையை இழந்துவிட்டது. வால்வெள்ளியோ தன் குளிரினால் அதனைப் பெரிதுங் காத்து வைத்துள்ளது. நாம் நிற்கும் நிலமும், நம் உடம்பிலுள்ள காபனும் நைதரசனும் எத்தகைய மூலப்பொருளிலிருந்து வந்தன என்பதை அறிதற்கு எஞ்சியுள்ள ஏடு அதுவே. நாட்டுக்குக் கேடு அறிவிக்க வந்ததென நம் முன்னோர் அஞ்சிய பொருள், நம் பிறப்பை அறிவிக்க வருகின்றது.

ஹலியின் வால்வெள்ளி 2023 திசெம்பரில் தன் ஒழுக்கின் கடையெல்லையை அடைந்து திரும்பிவிட்டது. தலையுமின்றி வாலுமின்றிக் கரிய கட்டியாய், இருளிலே நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கின்றது. 2061 யூலையில் அது சூரியனை அணுகும். 1986இல் அதனைக் கண்ட நம்முட் பலர் அந்நாளில் இருப்பது ஐயம். கல்லூரியின் கீழ்வகுப்புக்களில் இன்று பயிலுஞ் சிறுவர் அப்போது தாமே பழைய மாணவராய், வாழ்வின் நடுப்பகுதியை எய்தியிருப்பர். அவர்கள் அதனைத் தம் மக்களுக்குச் சுட்டிக் காட்டும்போது, புகையைக் காட்டி அச்சுறுத்தாது, பனியைக் கூறி விளக்குவார்களாக. ஹலி தாம் காணாத வருகையைக் கணித்துவைத்துப் போனமையும் பின்வருவார் பொருட்டேயன்றோ?